சித்தப்பா வண்டிக்கு இருந்த கோளாறு

பால் சொசைட்டி முன்னால் வந்ததும் சித்தப்பா சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிடுவார். வெள்ளகோவில் ரோடு நெடுகக் காதைப் பிளந்துகொண்டு வந்த அந்த இரட்டைச் சிலிண்டர் ரேஸ் வண்டி ஒரு விக்கலோடு அடங்கும். பின்னால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் முதலில் குதிப்பேன். அவரும் இறங்குவார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போடுவார், மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிவிடுவார், பிறகு இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ள ஆரம்பிப்பார். தோட்டத்துக்காரர்களின் பெரிய ஓட்டு வீடுகள் இரண்டு பக்கமும் இருந்த தெரு அது. தெரு முடிந்து தண்ணீர்த் தொட்டி வந்தவுடன் மறுபடி ஏறி உட்கார்ந்து ஓர் உதை உதைப்பார். வண்டி உடனே எடுத்துக்கொள்ளும். அங்கிருந்து எங்கள் காலனி கூப்பிடு தூரம்தான்.

முதல் தடவை கேட்டேன், "ஏனுங் சித்தப்பா, வண்டி நின்னுபோச்சுங்களா?" "சூடாயிருச்சு கண்ணு. சித்த தூரம் தள்ளிக்கிட்டுப் போனா ஆறிக்கும்" என்றார். லீவு முடிந்து காலையில் திரும்பும்போது வண்டி சூடாக நேரமே இருக்காது. அப்போதும் தண்ணீர்த் தொட்டியருகே அணைத்துவிட்டு பால் சொசைட்டி வரைக்கும் தள்ளுவார். கேட்டால், "பனிக்கு கார்புரேட்டர் அடைச்சுக்குது கண்ணு" என்பார். வரும்போது ஒரு சீக்கு, போகும்போது ஒரு சீக்கு. சித்தப்பா சொன்னால் எனக்கு அது வேதவாக்கு. பின்னாலிருந்து நானும் என் பங்குக்கு ஒரு கை கொடுத்துத் தள்ளுவேன்.

எங்கள் அப்பா கோயமுத்தூர் மில்லில் வேலைக்குச் சேர்ந்து துடியலூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். சொந்த ஊருக்குப் போவது நோம்பி பண்டிகைக்கும் முழுப்பரீட்சை லீவுக்கும் மட்டும். அப்பாவின் தம்பியான சித்தப்பா இரண்டு வீடு தள்ளி இருந்தார். பவுண்டரியில் மெஷின் ரிப்பேர் பார்க்கும் ஃபிட்டர். யாரோ ஒரு மில் முதலாளியின் மகன் ஓட்டி அலுத்துப்போய் விற்ற வண்டியை அவர் வாங்கி வந்த அன்று லைன் வீடே வெளியே வந்து நின்றது. அடர் சிவப்பு டேங்க், மேலே வளைந்து ஏறும் சைலன்சர். ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைப்பதற்கென்றே ஒரு பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருந்தார். சித்தி, "கட்டினவள ஒரு நாளு இப்பிடிப் பாத்திருப்பீங்களா?" என்று கேட்பார். "நீயி இவ்வளவு சத்தமாப் பேசமாட்டியே" என்று சித்தப்பா சிரிப்பார்.

வளர வளர எனக்கு அந்த வண்டிமேல் எரிச்சல் வந்தது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தேன். இரண்டு கோளாறும் எதனால் வரும், எப்படிச் சரி செய்வது என்று புத்தகத்திலேயே இருந்தது. ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக எனக்கு வேலை கிடைத்தபோது, பெற்ற அப்பனைவிட அதிகம் குதித்தது சித்தப்பாதான். தன்னோடு வேலை செய்பவர்களையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கறி விருந்து வைத்தார். "எங்கண்ணன் புள்ளைங்க, இனி கம்பெனில இவ பாஸ் பண்ணினாத்தான் பம்பு வெளிய போகும்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே குழம்பு ஊற்றினார்.

அந்தப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு நான் பேசினேன். என்ன கொழுப்பு எனக்கு! "ஊரு மெஷினையெல்லாம் சரி பண்றாரு எங்க சித்தப்பா. சொந்த வண்டி எதுக்குச் சூடாகுதுன்னு பத்து வருஷமாக் கண்டுபிடிக்கத் தெரியல. ஊருக்குள்ள போனா தள்ளு வண்டிதான். ஒரு ஞாயித்துக்கிழமை எனக்குக் கொடுங்க, பிரிச்சுப் பாத்து என்ன கோளாறுன்னு சொல்லிப்போடறேன்." பந்தியே சிரித்தது. வாளியும் கையுமாக நின்ற சித்தப்பாவும் சிரித்தார். "அந்த வண்டிக்கு அப்பிடி ஒரு குணம் கண்ணு" என்றார். அடுத்த வாரமே வண்டியை வீட்டுக்குப் பின்னால் சாய்ப்புக் கொட்டகையில் ஏற்றி, தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டிவிட்டார். ஒரு மொபெட் வாங்கிக்கொண்டார். மனுஷனுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன்.

பவுண்டரித் தூசி அவர் நுரையீரலைத் தின்று முடித்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு சித்தி சாய்ப்பைக் காட்டி, "பழைய இரும்புக்காரங்க கேக்கறாங்க. எனக்கு மனசு வரல கண்ணு, நீ எடுத்துக்கோ" என்றார். துடியலூரிலேயே இருந்த என் வீட்டுப் போர்ட்டிகோவில் காரை வெளியே தள்ளிவிட்டு வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஒன்றரை வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. டேங்குக்குள் நட்டுகளையும் மண்ணெண்ணெயையும் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் துருவை எடுத்தேன். கேஸ்கெட்டுக்கும் ரப்பர் சாமான்களுக்கும் உக்கடம் பழைய மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். சைலன்சரைக் கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் முலாம் போடக் கொடுத்தேன். "இந்த வயசுல உனக்கு இது தேவையா?" என்று கேட்காத ஆள் இல்லை. நான் ஒரே குறியாக இருந்தேன். அந்தச் சூட்டுக் கோளாறைக் கண்டுபிடித்தே தீர வேண்டும். சித்தப்பா உயிரோடு இருக்கும்போது ஜெயிக்க முடியாததைப் போன பிறகாவது ஜெயிக்க நினைத்தேன் போலிருக்கிறது.

எஞ்சினைத் திறக்கும்போதே முதல் அடி விழுந்தது. இருபது வருஷத்துக்கு மேல் கிடந்த வண்டி, பிஸ்டன் இறுகிப் போயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கே விரலால் அழுத்தினால் இறங்கியது. மூடி வைக்கும் முன் சித்தப்பா ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளே எண்ணெய் விட்டு, மெழுகுத் துணி சுருட்டி அடைத்திருந்தார். வேலை தெரியாத ஆள் செய்கிற காரியமா இது? சூடாகிற எஞ்சினில் பிஸ்டன் பக்கவாட்டில் உராய்ந்து கோடு விழுந்திருக்கும். ஒரு கீறல் இல்லை. சிலிண்டர் ஹெட் வளைந்திருக்கும். வளையவில்லை. சிலிண்டரின் உள்விட்டத்தை நானே மூன்று தடவை அளந்தேன், தேய்மானம் இல்லை. அளப்பதுதான் நான் சோறு தின்கிற தொழில், அதில் எனக்குத் தப்பு வராது. கார்புரேட்டரில் அடைப்பு வந்த அடையாளமே கிடையாது. என் கம்பெனியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் சீட்டு ஒட்டியிருப்பேன்.

சித்தப்பா போனதிலிருந்து என்னோடு இருக்கும் சித்தி பக்கத்தில் நாற்காலி போட்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். "சித்தி, இந்த வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லீங்களே. பின்ன எதுக்குங்க சித்தப்பா தள்ளிக்கிட்டே போனாரு?" என்று கேட்டேன்.

"வண்டிக்கு என்ன கண்ணு? அது நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "தோட்டத்துக்காரங்க தெருவுல நம்மாளுக வண்டி மேல உக்காந்துக்கிட்டுப் போகக்கூடாது. மொத நாளு உன்ற சித்தப்பா உக்காந்துக்கிட்டுத்தான் போனாரு. பால் சொசைட்டிகிட்ட மறிச்சு, எறங்குடான்னு சொல்லிப்போட்டாங்க. பெத்தவங்க அவங்க தோட்டத்துல வேலை செய்யறாங்க. இவரு என்ன பண்ணுவாரு? எறங்கிட்டாரு."

"எனக்கு ஏனுங்க சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு என்றகிட்டச் சத்தியம் வாங்கிப்போட்டாருல்ல. டவுன்ல படிக்கிற புள்ள, அது மனசுல இது ஏறக்கூடாது, வண்டியத் திட்டினாத் திட்டிக்கட்டும்னாரு. அன்னைக்கு விருந்துல நீ பிரிச்சுப் பாக்கறேன்னு சொன்னியே, அதான் பயந்துபோயிட்டாரு. இவ படிச்சவ, பிரிச்சாக் கண்டுபிடிச்சுப்போடுவான்னு சொல்லித்தான் கட்டி வெச்சாரு."

கையில் இருந்த அளவுக் கருவியைக் கீழே வைத்தேன். உயிராக வைத்திருந்த வண்டியை அந்த மனுஷன் எனக்காகத் தார்ப்பாய்க்குள் போட்டிருக்கிறார், நான் அதைப் புத்தி வந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். பாவி! அதற்கு மேல் ஒரு கேள்வி வந்தது, அதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது. எனக்கு நிஜமாகவே தெரியாதா? பத்து வயதில் தெரிந்திருக்காது, சரி. பதினெட்டு வயதில்? அந்தத் தெருவில் எங்கள் காலனி ஆட்கள் சைக்கிளைக்கூட உருட்டிக்கொண்டு போனதை நான் பார்த்ததில்லையா? திண்ணமாகப் பார்த்திருப்பேன். எஞ்சின் கோளாறு என்று நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. கோளாறு என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம்.

வண்டி முடிந்து முதல் உதையில் எடுத்த அன்று, சித்தி காதைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒரே ஒரு ஆசை கண்ணு. இத அந்தத் தெரு வழியா ஓட்டிக்கிட்டுப் போ. பால் சொசைட்டிகிட்ட நிறுத்து. இது இன்னாரு வண்டி, இதுக்கு ஒரு சீக்கும் இருந்ததில்ல, நீங்கதான் எறக்கித் தள்ள வெச்சீங்கன்னு அவரு பேரச் சொல்லிப்போட்டு வா. வேற ஒண்ணும் வேண்டாம்." "சொல்லிப்போட்டுத்தான் வருவேனுங்க சித்தி" என்றேன். சத்தியமாகத்தான் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு காலை கிளம்பினேன். பல்லடம், காங்கயம், வெள்ளகோவில் என்று வழி முழுக்க, சொல்ல வேண்டியதை ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தண்ணீர்த் தொட்டி இருக்கும் பக்கம் சுற்றிக்கொண்டு வந்து தெருவுக்குள் நுழைந்தேன். ஓட்டு வீடுகள் போய் மாடி வீடுகள் வந்திருந்தன. ஒருவரும் மறிக்கவில்லை. எஞ்சினை அணைக்காமல், உட்கார்ந்தபடியே, தெருவின் கடைசி வரை ஓட்டினேன்.

பால் சொசைட்டிக்குப் பக்கத்தில் டீக்கடை வந்திருக்கிறது. நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியதும் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். பொம்பளை ஓட்டி வந்ததில் அவர்களுக்கு ஆச்சரியம், வண்டி மின்னுவதில் அதைவிட ஆச்சரியம். வெள்ளைச் சட்டையும் நெற்றியில் திருநீறுமாக ஒரு பெரியவர் டேங்கைத் தடவிப் பார்த்தார். "அடேங்கப்பா, இந்தச் சத்தம் கேட்டு எத்தன வருஷமாச்சுங்க! எங்கூர்லயும் ஒருத்தன் வெச்சிருந்தான் இதே மாதிரி. காலனிக்காரப் பையன். பாவம், எப்பப் பாத்தாலும் ரிப்பேரு. தள்ளிக்கிட்டேதான் போவான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் பொய் சொல்கிற மாதிரி தெரியவில்லை. தள்ளச் சொன்னதை மறந்துவிட்டார், தள்ளியதை மட்டும் நினைவு வைத்திருக்கிறார்.

சொல்ல வேண்டிய இடம் அதுதான். நாக்கின் நுனியில் சித்தப்பாவின் பெயர் நின்றது. அதற்குள் அவர், "அம்மணிக்கு எந்த ஊருங்க? உக்காருங்க, டீ சாப்பிடுங்க" என்று தன் நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டார். எத்தனை மரியாதை! என் தாத்தாவை இந்த ஊரில் யாரும் நாற்காலியில் உட்காரச் சொன்னது கிடையாது. நான் உட்கார்ந்தேன்.

"கோயமுத்தூருங்க" என்றேன்.

"வண்டி உங்க ஊட்டுதுங்களா?"

"இல்லீங்க. பழைய மார்க்கெட்ல வாங்கினதுங்க."

டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். ஓர் உதையில் வண்டி எடுத்தது. "நல்லா வெச்சிருக்கீங்க அம்மணி" என்றார் பெரியவர். நன்றிங்க என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டினேன். காங்கயம் வரைக்கும் வழி சரியாகத் தெரியவில்லை, கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் ஓட்டினேன்.

துடியலூருக்கு வந்து சேரும்போது சித்தி போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார்.

"சொன்னியா கண்ணு?"

"சொன்னேனுங்க சித்தி."

"அவரு பேரச் சொன்னியா?"

"சொன்னேனுங்க."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க. எல்லாரும் தலையத் தொங்கப்போட்டுக்கிட்டாங்க."

சித்தி எழுந்து உள்ளே போய் எனக்குத் தட்டு வைத்தார். கறிக் குழம்பு வைத்திருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தை அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை. "தின்னு சாமி, தின்னு" என்று மறுபடி மறுபடி போட்டார். நான் தலை நிமிராமல் தின்று முடித்தேன்.