கண்ணாடிக்குள் இடது கை டீச்சர்

“…அதுவும் எடக்கையாலயா மா போட்டுக்கினு இருந்த, என் பொண்ணு முகூர்த்த ஜாக்கெட்ட?”

சித்தூர்க்கார அம்மா எங்கள் வீட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் வருகிறேன் என்று சொல்லியிருந்தவர், நகரியில் யாருக்கோ கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் புத்தூரில் இறங்கிவிட்டார். உள்ளே மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுத் துணி. கடைசி முத்து வரிசை மட்டும் பாக்கி. என் மனைவியின் இடது கையில் ஆரி ஊசி அப்படியே நின்றுவிட்டது. எந்தக் கையால் போடுவாய் என்று அவர் கேட்டதும் இல்லை, இவள் சொன்னதும் இல்லை.

அந்த அம்மாவைக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு, கதை இந்த இடத்துக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். அந்த வேலையை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. அடுத்தவர் கையைப் பார்த்துப் பார்த்து வந்தது. அதனாலோ என்னவோ, ‘கற்றுக்கொள்ளுங்கள்’ என்று எவன் கூப்பிட்டாலும் எனக்குக் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். போனில் கோர்ஸ் விற்கிற ஆப் ஒன்று வந்தபோது, கண்காட்சிக்குப் போன பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். விலையை ஆயிரக்கணக்கில் போட்டு, அதைக் கோடு இழுத்து அடித்துவிட்டு, பக்கத்தில் டீ, பஜ்ஜி விலைக்கு ஒரு விலை. ‘இன்று இரவு வரை மட்டும்’ என்று கடிகாரம் வேறு ஓடும். இரவு தீர்ந்து விடிந்தால் அதே விலை, அதே கடிகாரம். பட்டறைக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “அந்தக் கடையில மட்டும் வருசம் பூரா ஆடி மாசம்பா” என்றார்.

வாங்கினேன். ஆங்கிலம் பேசுவது, காளான் வளர்ப்பது, இன்னும் என்னென்னவோ. காளான் பாடம் நன்றாகத்தான் இருந்தது. நடத்தியவர்தான் ஏதோ மலை ஊர்க்காரர். எங்கள் ஊர் வெயிலுக்கு என் காளான் பைகள் முளைக்கும் முன்பே வெந்துவிட்டன. டீக்கடைக்காரர் அந்த வீடியோவையும் பார்த்தார். “அவுரு ஸ்வெட்டர் மாட்டிக்கினு சொல்லிக் குடுக்கறாரு, நீ பனியன கழட்டிட்டு கத்துக்கினு கீற. எப்பிடிப்பா வெளங்கும்?” என்றார். வாழ்நாள் முழுக்கப் பார்க்கலாமாம் என்று நான் விட்டுக்கொடுக்காமல் சொன்னதற்கு, “உன் வாழ்நாளா, அவுரு வாழ்நாளா, இந்த போனு வாழ்நாளா?” என்று கேட்டு டீயை ஆற்றினார்.

என் மனைவி இந்தச் சந்தைப் பக்கமே வராதவள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஆரி வேலை. கல்யாண ஜாக்கெட்டில் முத்தும் ஜரிகையுமாகக் கழுத்தைச் சுற்றிப் பூவேலை போடுகிறார்களே, அது. திருப்பதியில் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். முதல் நாளே டீச்சரம்மா இவள் கையைப் பார்த்துவிட்டார். “எடம செய்யி வத்தம்மா, இதி பெள்ளி பனி” என்றாராம். இடது கை வேண்டாம், கல்யாண வேலை ஆயிற்றே என்று. திட்டவில்லை, பாசமாகத்தான் சொல்லியிருக்கிறார். இவள் சோறு தின்பதும் சாமிக்குப் பூப்போடுவதும் வலது கையில்தான். ஆனால் ஊசி அந்தக் கைக்கு வராது. ஒரு வாரம் முயன்றாள். துணி கிழிந்தது, விரலும் கிழிந்தது. கட்டிய பணத்தில் பாதியைத் திருப்பி வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தவள், மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் அதில் ஒரு பாவமும் செய்யவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அப்போதுதான் ஆரி கோர்ஸ் வாங்கினேன்.

“காளான் மாதிரியா?” என்றாள்.

“இதுக்கு வெயில் ஒண்ணும் பண்ணாது மே, பாரு” என்றேன்.

பாடம் தமிழில். இவள் படித்தது தெலுங்கு மீடியம். கேட்டால் புரியும், திரையில் எழுத்து வந்தால் என்னைக் கூப்பிடுவாள். நான் தமிழ் எழுத்துக் கற்றது திருத்தணி பஸ் போர்டுகளைப் பார்த்து. அதனால் நான் எதைப் படித்தாலும் கண்டக்டர் ஊர்ப் பெயர் கூப்பிடுகிற மாதிரி இருக்கும் என்பது அவள் குறை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது, அந்த டீச்சரும் வலது கைக்காரர் என்பது. அவர் ஊசி இந்தப் பக்கம் போனால் இவள் ஊசி அந்தப் பக்கம் போக வேண்டும். மனசுக்குள் திருப்பித் திருப்பித் தலை சுற்றியது.

ஒரு மத்தியானம் போனைச் சார்ஜில் போட்டு, பீரோவைப் பார்க்கச் சாய்த்து வைத்திருந்தாள். நூல் கோத்துவிட்டு நிமிர்ந்தால், பீரோக் கண்ணாடிக்குள் டீச்சர் இடது கையால் போட்டுக்கொண்டிருக்கிறார். முந்தானைகூடப் பக்கம் மாறியிருந்தது. இவள் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் சாயங்காலம் வந்தபோது துணியில் நூலால் போட்ட ஒரு முழு மாங்காய் இருந்தது.

“நல்ல டீச்சரு மாமா இவுங்க” என்றாள். “எத்தினி வாட்டி கேட்டாலும் சலிச்சிக்க மாட்டாங்க. பாதி வேகத்துல போட்டாலும் கோச்சிக்க மாட்டாங்க. நான் எந்தக் கையில போடறேன்னு அவுங்களுக்கு தெரியவே தெரியாது.”

இதுதான் அந்தக் கோர்ஸின் பெரிய நன்மை. பெரிய கெடுதலும் இதேதான் என்று காணிப்பாக்கத்தில் தெரிந்தது.

தானே போட்ட முதல் ஜாக்கெட்டை உடுத்திக்கொண்டு என்னோடு அங்கே பிள்ளையார் கோயிலுக்கு வந்திருந்தாள். வரிசையில் நகர நகர, பின்னால் நின்ற ஒரு அம்மா குனிந்து குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் இவள் தோளைத் தட்டி, உள்ளங்கையைத் திறந்து காட்டினார். “ஊட்லருந்து வழி நெடுக கொட்டிக்கினே வந்தியா மா? டிசைன் நல்லா கீது. முத்துதான் நிக்க மாட்டன்னுது.” அவர்தான் சித்தூர்க்கார அம்மா. வரிசை நகர்வதற்குள் பேச்சு வளர்ந்தது. “முத்து நிக்கற மாதிரி போட்டு காட்டு. என் பொண்ணு கல்யாண ஜாக்கெட்ட உன்கிட்டயே குடுக்கறேன்” என்று நம்பர் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கோர்ஸில் கேள்வி கேட்கிற பெட்டியில் எழுதிப் போட்டோம். பல நாள் கழித்துப் பதில் வந்தது: பாடத்தை மறுபடியும் பார்க்கவும், வாழ்த்துகள். பார்த்தோம். எத்தனை தடவை பார்த்தாலும் திரையில் துணியின் மேல்பக்கம்தான். ஆரி வேலையில் பாதி சட்டத்துக்கு அடியில் நடக்கிறது. ஒரு கை மேலே ஊசியைக் குத்தும், இன்னொரு கை கீழே நூலைப் பிடித்து ஊசிக்குக் கொடுக்கும். அந்தக் கீழ்க்கையைக் கேமரா காட்டவே இல்லை. திருப்பதி டீச்சரம்மா என்றால் குனிந்து பார்த்து, விரலில் ஒரு தட்டுத் தட்டியிருப்பார்.

“மாமா, நீ படு” என்றாள்.

போன் டார்ச்சோடு சட்டத்துக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். மேலே அவள் குத்த, கீழே நான் பார்க்க, முத்து ஒன்று நேராக என் கண்ணில் விழுந்தது. காயில் கட்டும்போது கம்பி தளர்ந்தால் எப்படித் தொங்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே நூல் அப்படித்தான் தொங்கியது. முடிச்சு விழுகிற நேரத்தில் அவள் கீழ்க்கை நூலை விட்டுவிடுகிறது.

“உடாத. இன்னும் இறுக்கு. ஆங், அப்பிடியே.”

“சொல்லிக்கினே தூங்கிடாத மாமா.”

அந்த வாரம் முழுக்க வேலை விட்டு வந்ததும் நான் சட்டத்துக்கு அடியில். சந்தையில் வாங்கிய பாடத்துக்குக் கண் கிடையாது. அந்தக் கண் நானாக இருந்தேன். சரியாகப் போட்ட துண்டைச் சித்தூருக்கு எடுத்துக்கொண்டு போனாள். அந்த அம்மா முத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, மகளின் பட்டுத் துணியைக் கொடுத்தார். அதுதான் இவளுடைய முதல் வேலை. இது நல்லபடியாக முடிந்தால் இன்னும் நாலு பேர் வருவார்கள். திருப்பதி டீச்சரம்மா சொன்னதையே இவரும் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அந்தச் சட்டத்தைப் பரணில் போட்டுவிடுவாள். எனக்கு அவளைத் தெரியும்.

இப்போது வாசலுக்கு வருவோம்.

“சொல்லும்மா” என்றார் அந்த அம்மா. குரலில் கோபம் இல்லை, கலக்கம்தான். “முகூர்த்தத்துக்கு உடுத்தறது. சம்பந்தி ஊட்ல நாளைக்கி ஒரு சொல்லு வந்துட்டா?”

நான் வாயைத் திறந்தேன். மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

“அக்கா, உள்ள வாங்க” என்றாள். “நான் இப்பிடித்தான் பொறந்தேன். மேல ஊசி புடிக்கறது எடக்கைதான், ஒத்துக்கறேன். ஆனா அன்னிக்கி காணிப்பாக்கத்துல முத்து கொட்டுச்சே, அது எடக்கை பண்ண தப்பில்ல. அடியில நூலு புடிக்கற வலக்கைதான் சரியா புடிக்கல. சோறு துன்ற கை. இப்ப ரெண்டும் சேந்துதான் போடுது. வேணுன்னா அடியில பாருங்க.”

அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பாதிக் குனிந்து, முழங்காலைப் பிடித்து, சட்டத்துக்கு அடியில் எட்டிப் பார்த்தார். அங்கே என் தலையணை கிடந்தது.

“இது இன்னாத்துக்கு?”

“அது மாமாவுது. அவுருதான் அடியில படுத்துக்கினு டீச்சர் வேல பாக்கறாரு.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பீரோக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் டீச்சர் பக்கம் மாறிய முந்தானையோடு இடது கையால் தாமரை ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் வாயோரம் லேசாக நெளிந்தது. துணியருகே குனிந்து ஒரு முத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னொன்று. அதுவும் வரவில்லை.

“எந்த முத்த எந்தக் கை புடிச்சிதுன்னு மேடையில வந்து யாரு எண்ணப் போறாங்க?” என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்து, பத்திரிகைப் பையை மடியில் வைத்து, மீதிப் பத்திரிகைகளை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து ஒரு துணியை எடுத்தார். அரக்கு நிறம், ஆரி வேலைக்குத் திருப்பதியில் கொடுக்கலாம் என்று வைத்திருந்த அவருடைய ஜாக்கெட் துணி. அதைப் பிரித்து, சட்டத்தின் மேல் வைத்து நீவினார்.