உள்துறைமுகப் படத்தில் ஏழாவது முகம்

அம்மா கையெழுத்து வைக்கச் சொல்லி அனுப்பினார். அதனால்தான் இந்தப் பயணம். மாசி மாதம், ஒரு புதன்கிழமை.

ஒரு பல்கலைக்கழக ஆவணக்காப்பகம் திருகோணமலைத் துறைமுகப் பகுதி மக்களின் பழைய படங்களைச் சேர்த்து இணையத்தில் வைக்கிறது. படத்தில் இருப்பவர் சம்மதிக்கும்வரை அவர் முகத்தின் மேல் சாம்பல் வட்டம். இறந்தவர் என்றால் உறவினர் ஒருவர் அப்படி எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிறகு முகம் திறக்கும். கீழே பெயர் வரும்.

இறங்குதுறையில் ஒன்பது இளைஞர்கள் நிற்கும் படம் ஒன்று. ஆறு வட்டங்கள்.

"இடப்பக்கமிருந்து ஏழாவது. கைய இடுப்பில குத்திக்கொண்டு நிக்கிறது என்ர தம்பிதான்," என்றார் அம்மா.

மாமா அந்தத் துறைக்கு வேலைக்குப் போய்த் திரும்பாதவர். நான் பிறக்க முன்பு. எங்களிடம் அவருடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 'இறந்தவர்' என்று எழுத அம்மா இணங்கியது அந்த முகத்துக்காக மட்டும்.

வவுனியாவில் காலை 6.10 பேருந்து. ஏறக்குறைய 95 கிலோமீட்டர், மூன்று மணித்தியாலம், 420 ரூபா. திருகோணமலை நிலையத்திலிருந்து காப்பகம் இருக்கும் ஓர்ஸ் ஹில்லுக்கு ஆட்டோ 300. சாரதி தோப்பூர்க்காரர்.

"அங்க என்ன தங்கச்சி இருக்கு? பழைய பேப்பர்தானே. எங்கட வீட்டிலயும் கிடக்கு, வாங்கோவன்."

சிரித்தேன். இறங்கியபின் சிரிப்பு வரவில்லை. வாசலில் ஒரு புள்ளிமான். அசையவில்லை. அதன் பின்னால் உள்துறைமுகம், அலையே இல்லாமல்.

காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் ரிஸ்வியா மிஸ் கிண்ணியாவிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருபவர். குடும்பத்தார் படத்தைக் கொடுத்துவிட மாட்டார்கள். அதனால் காப்பகத்தார் ஸ்கேனரை வீட்டுக்குக் கொண்டுபோய், பிரதி எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுப்பார்களாம். இந்தப் படம் மட்டும் மூடப்பட்ட ஸ்டூடியோ ஒன்றிலிருந்து வந்தது. அதனால் மூலப்படம் இங்கேயே இருக்கிறது. உறவினர் பார்க்கலாம்.

கொண்டுவந்து வைத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் ஒன்பது முகங்கள், வட்டங்கள் இல்லாமல். ஏழாவதின் மேல் மட்டும் உறை மங்கியிருந்தது. விரல் அடையாளம். புதியது.

"நேத்தும் வந்தவ," என்றார். "ஈச்சிலம்பற்று அம்மா. மாசத்தில முதல் செவ்வாய். தன்ர மகன் எண்டு தடவிக்கொண்டே இருப்பா. இது மூண்டாவது உறை."

என் கையில் படிவம் இருந்தது.

உறையைக் கழற்றினார். அம்மா சொன்ன அடையாளம் இடப் புருவத்தில் ஒரு வெட்டு. ஆனால் எட்டுப் பேர் கமராவைப் பார்க்க, இவர் மட்டும் தண்ணீர்ப் பக்கம் திரும்பியிருந்தார். இடப் புருவம் தெரியவில்லை. எதைப் பார்த்தார் என்பதும் சட்டகத்துக்கு வெளியே.

அம்மாவுக்கு அழைத்துச் சொன்னேன்.

"அந்த மனிசி கையெழுத்து வைச்சிட்டுதோ?"

"இல்லையாம். மகன் உயிரோட இருக்கிறாராம், மாட்டன் எண்டிட்டாவாம்."

"நாங்கள் வைச்சால்?"

மிஸ்ஸிடம் கேட்டேன். "உங்கட மாமாட பேர் விழும். இறந்தவர் எண்டும் விழும். அவ அடுத்தமுறை வந்து அதைத்தான் வாசிப்பா."

அப்படியே சொன்னேன்.

"அப்ப மாசாமாசம் ஆரோ போய் அவனைப் பாக்கினம்," என்றார் அம்மா. "மூடியே கிடக்கட்டும். நீ வடிவாப் பாத்திட்டு வந்து சொல்லு."

பார்த்தேன். பதினைந்து நிமிடம். என்னைவிட இளையவர். காது எங்கள் வீட்டுக் காது மாதிரி. எல்லார் வீட்டுக் காதும் அப்படித்தானோ. படிவத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தேன். மிஸ் புதிய உறை போட்டார்.

திரும்பும் பேருந்து 2.30. எதிர்வெயில். முன் இருக்கைகளில் தலைகள் இருந்தன. முகங்கள் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: காலை 9 முதல் 3.30 வரை திறந்திருக்கும். வெள்ளி நண்பகல் மூடுவார்கள். அடையாள அட்டை அவசியம், பென்சில் மட்டும் அனுமதி. மூலப்படத்தைக் கைபேசியில் எடுக்க ஏலாது. முகம் ஒன்றைத் திறக்கப் போகிறீர்கள் என்றால், அதை வேறு யார் பார்க்க வருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். மாதத்தின் முதல் செவ்வாயை விட்டுவிடுங்கள். அந்தப் படத்தின் முன் உட்கார ஒரு கதிரைதான் இருக்கிறது.