ஸ்டெல்லாவின் நீலச் சுடிதார்

அந்த நீலச் சுடிதாரை விரித்ததும் பேபி பவுடரும் மருதாணி எண்ணெயும் கலந்த வாசனை வந்தது. துவைத்த துணிதான். ஆனாலும் யாரோ இப்போதுதான் கழற்றி வைத்ததுபோல...

போன வருஷம் பியூசி, அதாவது பிளஸ் டூ, முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. எலெக்ட்ரானிக் சிட்டியில் பன்னிரண்டாவது மாடி. ஒன்றரை வயது மித்ரனைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேய் வேஷம் போட்டு ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவையே அலறவிட்டவள் நான். பேயிலிருந்து பேபிக்கு ஓரெழுத்துத் தூரம்தானே! அம்மாவுக்குத்தான் நம்பிக்கையில்லை. “ஏய் கௌதமி, இங்கயும் சும்னே வாலாட்டுனே, அத்திபெலே கம்பெனில பாக்கெட் போட அனுப்பிடுவேன்.”

எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர். பாக்கெட் என்றால் கொட்டாவி. எப்படியாவது ஒட்டிக்கொள்ள வேண்டும்.

மித்ரனின் அம்மா, அதாவது மேடம், தன்மையாகத்தான் பேசினார். “முன்னாடி இருந்த ஸ்டெல்லா திடீர்னு நின்னுட்டாம்மா. புது ஆளுன்னா இவன் சாப்பிடவே மாட்டான். கொஞ்ச நாள் அவ டிரெஸ் போட்டுக்கோ, அவ எண்ணெயே தடவிக்கோ. நானும் ஸ்டெல்லான்னே கூப்பிடறேன். என்ன?”

“சரி மேடம். ஸ்டெல்லாவுக்கு லீவு மிச்சமிருந்தா அதையும் எனக்கே குடுத்துடுங்க.”

மேடம் சிரிக்கவில்லை. “வகிடு இடது பக்கம் எடுத்துக்கோ.”

மித்ரன் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினான். “தெல்லா!”

சுவரில் கேமரா. ஆபீஸிலிருந்து மேடம் அதன் வழியே பேசுவார். “ஸ்டெல்லா, ஜன்னலச் சாத்து.” யாரையோ என்று நான் சும்மா இருப்பேன். கேமரா மெல்ல என் பக்கம் திரும்பும். “ஸ்டெல்லா...”

சில நாட்களில், இரண்டாம் முறை கூப்பிடத் தேவையே இருக்கவில்லை.

ஒரு மதியம் குறும்பு தாங்காமல் கர்ட்டனுக்குப் பின்னால் ஒளிந்து, “தெல்லா எங்கே?” என்றேன். மித்ரன் என் பக்கம் வரவில்லை. பால்கனிக் கதவைப் பார்த்துக் கையசைத்தான். “தெல்லா!”

கர்ட்டனை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தேன். கதவுக் கண்ணாடியில் நீலச் சுடிதாரில் ஒருத்தி. என் பிம்பம்தான் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

ஆனால் அவன் கையசைத்தபோது நான் கர்ட்டனுக்குப் பின்னால் இருந்தேனே...

அன்று சாயங்காலம் வீட்டில், “கௌதமி... ஏய் கௌதமி! காது செவிடா?” என்று அம்மா தோளைப் பிடித்து உலுக்கினாள். கூப்பிட்டது கேட்டது. என்னைத்தான் என்று தோன்றவில்லை.

“அம்மா, இனிமே நான் அங்க போகல.”

அம்மா என் முகத்தையே பார்த்தாள். அத்திபெலே பேச்சை எடுக்கவில்லை. “தலைய ஏண்டி இப்படி வாரியிருக்கே?” என்று விரலாலேயே நடு வகிடு எடுத்துவிட்டாள்.

இப்போது காக்ஸ் டவுனில் ஒரு வீட்டில் வேலை. வேலை கேட்கப் போன அன்று, முதல் கேள்வி என்னுடையது. “என்னை என்னன்னு கூப்பிடுவீங்க?”

அந்த அக்கா முழித்தார். “கௌதமின்னுதான்... வேற பேரு இருக்கா?”

அதுதான் எனக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். அங்கே குட்டிப் பாப்பா என்னை “கௌமி” என்கிறாள். பாதி பூனை மாதிரி இருக்கிறது. பரவாயில்லை, என் பேர்.

போன வாரம் பஸ் ஸ்டாப்பில் யாரோ “ஸ்டெல்லா!” என்று கூப்பிட்டார்கள். சட்டென்று திரும்பினேன். பக்கத்தில் நின்ற பெண்ணும் திரும்பினார்.

“நீங்கதான் ஸ்டெல்லாவாக்கா?”

“இல்லம்மா, சுமதி.” அவர் தலையில் இடது வகிடு. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். “நீயும் பன்னெண்டாவது மாடியா?”

அப்போதெல்லாம் பேய் வேஷத்தைக் கழற்றினால் கௌதமி திரும்பி வந்துவிடுவாள்...

மித்ரனுக்கு இப்போது இரண்டரை வயது. இன்றைக்கு எந்தத் தெல்லாவிடம் கை நீட்டுகிறானோ.