தேசப்பனை நடக்க வைத்த பாடு

ஊசி போடுகிற நர்சை ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள். ‘எழுந்து நட’ என்கிற நர்சை மன்னிக்கவே மாட்டார்கள். எண்பதுகளின் கடைசியில் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் அந்தப் பாவத்தைச் செய்தவள் நான். என்னைப் போல் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்குப் புரியும்.

கூடையும் தோப்புக்கரணமும்

தேசப்பனுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் இருமுறை மெட்ராஸில் டயாலிசிஸ். மற்ற நாளெல்லாம் பாயில் படுக்கை. கால் இரண்டும் குச்சியாகிவிட்டன. பொங்கல் கழிந்து பாடு குலுக்கல் வருகிறது. ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டெடுக்கும் நாள். வலை கட்ட மச்சான் இருக்கிறான். ஆனால் தன் காலால் நடந்து வந்து சீட்டெடுக்காதவருக்கு அந்த வருஷம் இடம் கிடையாது. அதுதான் அந்தக் குப்பத்துக் கட்டுப்பாடு.

டாக்டர் சொன்னபடி, நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழச் சொன்னேன். நாற்காலி ஏது? மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டேன். அவர் மனைவி கன்னியம்மா பொங்கிவிட்டாள்.

“அவரே பாதி உசுரா கீறாரு, நீ இன்னா சிஸ்டர் தோப்புக்கரணம் போடச் சொல்றே?”

காயாத வலை

அடுத்து, கரையோரம் நடை. அங்கேதான் சிக்கல். குப்பத்தில் வேலையில்லாமல் மேலும் கீழும் நடந்தால் பைத்தியம் என்பார்கள். தேசப்பன் ஒரு வழி கண்டுபிடித்தார். சின்ன வலையொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, காயப்போடுகிற சாக்கில் அந்தக் கோடி வரை போவார். எடுக்கிற சாக்கில் திரும்புவார். டயாலிசிஸ் ஊசி குத்துகிற கையில் சுமை கூடாது என்று மட்டும் சொன்னேன். தோள் மாற்றிக்கொண்டார். தினமும் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

“அந்த வலை தண்ணியையே பாக்கலை, எத்தினி வாட்டிடா காய வெப்பே?”

சீட்டு

குலுக்கல், டயாலிசிஸுக்கு மறுநாள் வந்து தொலைத்தது. அன்றைக்கு உடம்பு துவண்டிருக்கும். கன்னியம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள், பார்க்கப் பயம். பாதி வழியில் தேசப்பன் கவிழ்த்த படகின்மேல் உட்கார்ந்தார். கோயில் முன்னால் கூடியிருந்த ஊர் மூச்சுவிடாமல் காத்திருந்தது. தூக்கிவிட ஓடிய மச்சானைக் கையால் நிறுத்தினார். தானே எழுந்தார். நடந்து வந்து சீட்டெடுத்தார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

பிரித்துப் பார்த்தால், மீன் எட்டிப் பார்க்காத இடம்! ஊரே சிரித்தது, எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் தேசப்பன்தான்.

“இன்னா சிஸ்டர், இதுக்கா என்னை இம்மாந்தூரம் நடக்க வெச்சே?”

படுத்துக்கொண்டு கும்பிடுகிற நோயாளியைவிட, நின்றுகொண்டு திட்டுகிற நோயாளியைத்தான் எங்களுக்குப் பிடிக்கும்.