பஜ்ஜிக் கடையிலிருந்து குப்பைத் தொட்டி வரை

சாரல் பிடித்து அருவிகளில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்த நேரம். பேரருவிக்குப் போகும் பாதையில் கடை போட்டிருந்தவர்களிடம் பேரூராட்சி ஒரு முடிவைச் சொன்னது. தட்டும் காகிதமும் இப்படியே பாதையில் கிடந்தால், கடைகளைப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாற்றிவிடுவார்கள். குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவர்களை நம்பித்தான் அங்கே பஜ்ஜி போடுகிறார்கள். பேருந்து நிலையம் போய்ச் சேர்வதற்குள் தலை காய்ந்துவிடும். முதல் கடை வைத்திருந்த அக்காவுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

நான் பத்திரிகை வேலையை விட்டுவிட்டுக் குத்துக்கல்வலசையில் குடியிருந்தேன். மாவட்ட நிர்வாகத்துக்கு அறிவிப்புப் பலகைகளின் வாசகம் எழுதிக் கொடுப்பேன். அந்த வகையில்தான் சென்னையிலிருந்து வந்திருந்த இளம் பெண் அதிகாரியுடன் சேர்ந்தேன். மனித நடத்தை பற்றிப் படித்தவர். அபராதம் போடாமல், அதட்டாமல், சுற்றியிருப்பதைச் சற்று மாற்றிவைத்தே மக்களின் பழக்கத்தை மாற்றலாம் என்பது அவர் படிப்பின் சாரம்.

பலகையே வேண்டாம் என்றார். "ஈரத் தலையோட யார் சார் நின்னு படிப்பாங்க?"

அவர் சொன்னது சரிதான். கடையிலிருந்து குப்பைத் தொட்டி வரை தரையில் மஞ்சள் பெயிண்டில் காலடிகள் வரையச் சொன்னார். வரைந்த காலடியைக் கண்டால் கால் தானாக அதில் போகும். வேறு ஊர்களில் பலித்த யோசனை. தொட்டி சற்றுத் தள்ளி இருந்தது. எண்ணெய்த் தட்டுக்குக் குரங்குகள் வரும் என்பதால் கடையருகே வைக்க முடியாது. குளிக்க வருகிறவர்கள் வெறுங்காலோடு நடப்பவர்கள். ஆகவே காலடிகளையும் ஐந்து விரலும் தெரிய, வெறுங்காலாகவே வரைந்தார்கள்.

மறுநாள் போய் நின்றோம். எல்லாரும் காலடிகளை விட்டு விலகி ஓரமாக நடந்தார்கள். ஒருவர் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்திலேயே கோயில்.

ஒரு பெண் தன் கணவரின் துண்டைப் பிடித்து இழுத்தார். "கண்ணு எங்கன இருக்கு? சாமி பாதத்த மிதிக்கியளே!"

"பெயிண்டுதானட்டி."

"பெயிண்டுல வரஞ்சா சாமி இல்லாமப் போயிருமா?"

மதியத்துக்குள் முதல் காலடியில் யாரோ பூ வைத்துவிட்டார்கள். எச்சில் தட்டோடு அந்த வழியாகப் போக யாருக்கும் மனம் வரவில்லை. தட்டுகள் கடை வாசலிலேயே குவிந்தன.

அக்கா கரண்டியால் குவியலைக் காட்டினார். "யம்மா, முன்ன பாதை பூரா கெடந்துச்சு. இப்பம் எல்லாம் என் வாசல்ல. பேரூராட்சி ஆபீசர் வந்தா மொத கடையா என்னயத்தான் தூக்குவாரு."

செருப்புக் காலாக மாற்றி வரையலாமா என்று அதிகாரி கேட்டார். பெயிண்டர் பிரஷைக் கீழே வைத்துவிட்டார். "சாமி பாதத்து மேல செருப்பா? வேற ஆளப் பாத்துக்கிடுங்க." அழிக்கவும் மறுத்துவிட்டார்.

அதன்பிறகு அதிகாரி கடையருகே நின்று தின்கிறவர்களைக் கவனித்தார். பஜ்ஜி வாங்கியவர்கள் பாதி தின்றதும் மறுபடி சட்னிக்குத் தட்டை நீட்டினார்கள். தொட்டியைக் காலடிகள் இல்லாத எதிர்ப்புறத்துக்கு மாற்றி, அதன் அருகே ஒரு மேசை போட்டுச் சட்னி வாளியை அங்கே வைக்கலாம் என்றார்.

"பஜ்ஜி இங்கன, சட்னி அங்கனயா? கூட்டம் பூரா பக்கத்துக் கடைக்குப் போயிரும்."

"கொஞ்ச நாள் மட்டும் பாருங்கக்கா."

அக்காவின் கணவர் ஒரு கையில் கரண்டியும், குரங்குக்காக மறு கையில் கம்புமாக மேசையருகே நின்றார். வந்தவர்கள் சட்னிக்காக அவரைச் சுற்றி நின்று தின்று முடித்தார்கள். தட்டு பெரும்பாலும் பக்கத்துத் தொட்டிக்குள் விழுந்தது. எல்லாருடைய தட்டும் அல்ல.

பேரூராட்சிச் செயல் அலுவலர் பார்வையிட வந்தபோது அக்கா அடுப்பைக் குறைத்துவிட்டு நின்றார். அலுவலர் பாதை முழுக்க நடந்து பார்த்தார்.

"இந்த சீசன் இங்கயே இருக்கட்டும்."

"அடுத்த சீசனுக்கு, சார்?"

"இப்படியே வச்சிருங்க. அப்பம் பாப்போம்."

அவர் போனதும் அக்கா அதிகாரியிடம் திரும்பினார். "கட தப்பிச்சுட்டு. ஆனா இந்த மனுசன் அள்ளி அள்ளி ஊத்துதாரு. தேங்கா கட்டுப்படியாவல. இவரத் திருத்த ஒங்க படிப்புல வழி இருக்கா?"

"அதுக்கு நான் படிக்கலக்கா."

எதிர்ப்புறத்திலிருந்து கணவர் குரல் கொடுத்தார். "ஏட்டி, வாளி காலி!"

அக்கா தேங்காயை எடுத்து உடைத்தார்.