மைன்ராட் எண்ணிய கைகள்

எங்கள் ஊர்க் கூட்டத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக, வாக்குக்காகத் தூக்கும் கைகளை எண்ணியவர் மைன்ராட் ஷேட்லர். மற்ற நாட்களில் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவார். விடியுமுன் அவர் வழியைத் திறந்துவிட்டுப் போனால், அதே தடத்தில் அரை மணி நேரம் கழித்து வியோசா பஸ்ஸை மேலே கொண்டுவருவாள்.

வியோசா கொசோவோக்காரி. பன்னிரண்டு வயதில் வந்தவள். எங்கள் பேச்சை எங்களைப் போலவே பேசுவாள். அவள் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தாள். அந்தக் காலத்தில் எங்கள் பகுதி ஊர்களில் அதைத் தீர்மானித்தது ஊர்க் கூட்டம்தான். பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பள்ளத்து வாய்க்கால், பள்ளிக்கூடக் கூரை பற்றிய பேச்சையெல்லாம் முடித்த பிறகு அவள் பெயர் வந்தது. வழக்கப்படி அவளை வெளி நடையில் உட்கார வைத்திருந்தார்கள். யாராவது பேச விரும்புகிறீர்களா என்று ஊர்த் தலைவர் ஃபிடெல் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. வாக்கெடுப்பு என்றார். ஆதரவாக எழுபத்தொன்று. எதிராக எழுந்த கைகளை மைன்ராட் வரிசை வரிசையாக விரல் நீட்டி எண்ணினார். எண்ணுகிறவருக்கும் வாக்கு உண்டு. கடைசி வரிசை முடிந்ததும் தன் கையையும் தூக்கி, "நூத்திப் பதினொண்ணு, என்னோட நூத்திப் பன்னண்டு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி ஹெடி கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"ஏன் தூக்கின?"

"எல்லாரும் தூக்கினாங்க."

"எல்லாரும் தூக்கல. நீதானே எண்ணின?"

 வியோசாமீது அவருக்கு எந்தக் குறையும் கிடையாது. பல நாள் பஸ்ஸை நிறுத்தித் தன் குடுவையிலிருந்து அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். அப்படியிருந்தும் கை மேலே போயிருந்தது. தூக்கியது தான்தான் என்பதிலும் சந்தேகமில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் வண்டியில் தனியே இருக்கும்போது அதையே யோசித்துக்கொண்டிருந்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னார். குற்ற உணர்ச்சி என்று நான் சொன்னபோது அந்தச் சொல்லை அவர் ஏற்கவில்லை. தனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது என்றார்.

வியோசா வழக்குப் போட்டாள். மாகாண நீதிமன்றம் ஊர் பக்கம் நின்றது. அவள் ஏரிக்கரை நகரமான லொசானில் உள்ள, நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனாள். அங்கே நீதிபதிகள் ஒரே கருத்தில் இருந்தால் வழக்குக் கோப்பைத் தங்களுக்குள் சுற்றுக்கு விட்டு எழுத்திலேயே முடித்துவிடுவார்கள். ஒத்துப்போகவில்லை என்றால் கதவைத் திறந்து வைத்து, மக்கள் முன்னால் வாதாடிக் கை தூக்கித் தீர்மானிப்பார்கள். இந்த வழக்குக்குக் கதவு திறக்கப்போகிறது என்று செய்தித்தாளில் வந்தது. மைன்ராட் விடுப்பு எழுதிக் கொடுத்தார்.

தலைவர் ஃபிடெலுக்கு முடிவைப் பற்றிக் கவலையே இல்லை. ஐந்து நீதிபதிகளில் ஒருவர் எங்கள் ஊரே ஓட்டுப் போடும் கட்சியின் ஆள். அங்கே கட்சிகள்தாம் நீதிபதிகளின் பெயரை முன்மொழியும். ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாராளுமன்றம் மறுபடி தேர்ந்தெடுக்கும். "நம்ம ஆளு ஒருத்தன் உள்ள இருக்கான். போய் ஏரியப் பாத்துட்டு வா" என்றார்.

மைன்ராட் ஏரியைப் பார்க்கவில்லை. பூங்காவுக்கு நடுவே இருந்த அந்தப் பெரிய கட்டிடத்தில், பொதுமக்கள் வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு வரிசை முன்னால் வியோசா இருந்தாள். திரும்பிப் பார்த்தாள், தலையை லேசாக அசைத்தாள்.

கறுப்பு உடையில் ஐந்து பேர். முதலில் பேசியவர்தான் ஃபிடெல் நம்பியிருந்த நீதிபதி. வழக்கைப் படித்து முன்வைக்கும் பொறுப்பு அவருக்கு. ஊர்க் கூட்டத்தின் குறிப்பேட்டை மூன்று முறை படித்ததாகவும், இந்தப் பெண் ஏன் மறுக்கப்பட்டாள் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை என்றும் சொன்னார். காரணம் இல்லாத மறுப்பை அவள் எங்கே போய், எதைச் சொல்லி எதிர்ப்பாள் என்று கேட்டார்.

அடுத்தவர் கடுமையாக மறுத்தார். ஓட்டுப் போடுகிறவனிடம் காரணம் கேட்பது மக்களாட்சியில் இல்லாத வழக்கம். இன்று குடியுரிமைக்குக் கேட்டால் நாளை எதற்கெல்லாம் கேட்போம் என்றார். மைன்ராடுக்கு அதுவும் சரியாகத்தான் பட்டது. என்னாலும் அந்த வாதத்தை ஒதுக்கித் தள்ள முடிந்ததில்லை. மூன்றாமவர் தன் மொழியான பிரெஞ்சில் பேசினார். அதில் மைன்ராடுக்குப் புரிந்தது "கிராமம்" ஒன்றுதான். நான்காமவர் பேசிய பிறகு முதலாமவர் மறுபடி எழுந்து, வெறும் விருப்பத்தைச் சொல்கிறவன் காரணம் சொல்ல வேண்டியதில்லை, ஒரு மனிதருக்கு உரியதை முடிவு செய்கிறவன் சொல்லியாக வேண்டும் என்றார். ஐந்தாமவர் நெடுநேரம் தயங்கிப் பேசினார்.

பிறகு கைகள் எழுந்தன. மைன்ராடின் விரல் தொடையில் தானாக நகர்ந்தது. மூன்றுக்கு இரண்டு. ஊர்க் கூட்டத்தின் முடிவு ரத்து. ஆனால் குடியுரிமையை நீதிமன்றம் கொடுக்கவில்லை. காரணத்தோடு மறுபடி முடிவெடுங்கள் என்று எங்களிடமே திருப்பி அனுப்பிவிட்டது.

ஊரில் ஃபிடெல் கொதித்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு கை நூத்திப் பன்னண்டு கையவிடப் பெருசாயிடுச்சா?"

"தெரியல. ஆனா அஞ்சு பேரும் ஏன்னு சொல்லிட்டுத்தான் தூக்கினாங்க."

"நம்ம ஆளே கவுத்துட்டான். அடுத்த தடவை அவன் பேரு பாராளுமன்றத்துக்கு வரட்டும், பாத்துக்கலாம்."

"அதுக்குக் கை எண்ண என்னைக் கூப்பிடாத" என்றார் மைன்ராட்.

வசந்தத்தில் கூட்டம் மறுபடி கூடியது. அதே கூடம், வியோசா அதே நடையில் காத்திருந்தாள். மறுக்க நினைக்கிறவர்கள் எழுந்து காரணத்தைச் சொல்ல வேண்டும், செயலர் எழுதிக்கொள்வார் என்று ஃபிடெல் விருப்பமே இல்லாத குரலில் அறிவித்தார். நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரும் எழவில்லை. ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கூட்டத்தோடு கூட்டமாகக் கை தூக்குவது வேறு, பெயரோடு குறிப்பேட்டில் ஏறுவது வேறு.

கடைசியில் மாட்டுக்காரர் செவரின் எழுந்தார். ஜனவரியில் ஒருநாள் தான் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்தும் வியோசா பஸ்ஸை எடுத்துவிட்டாள் என்றார்.

"நீ எத்தன நிமிஷம் லேட்டு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஒண்ணு... ஒண்ணரை."

கூடம் சிரித்தது. நேரம் தவறாமல் வண்டியை எடுப்பது எங்கள் நாட்டில் பெரிய பெருமை. செயலர் பேனாவை வைத்துக்கொண்டு, "இத எந்தப் பக்கம் எழுதறது செவரின், எதிர்ப்புலயா, சிபாரிசுலயா?" என்று கேட்டார். செவரினும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

வேறு காரணம் வரவில்லை. ஆதரவாக நூற்றொன்பது கைகள். அதில் ஒன்று மைன்ராடுடையது. எதிராக முப்பத்து நான்கு. முன்பு எழுந்த கைகளில் மீதி எழுபத்தெட்டும் மனம் மாறிவிட்டன என்று நான் சொல்லமாட்டேன். அவை இந்த முறை எதிராக மேலே போகவில்லை, அவ்வளவுதான். நீதிமன்றத்தால் அதற்குமேல் செய்ய முடியும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

முடிவைச் சொல்ல மைன்ராட் நடைக்குப் போனார். நானும் கதவருகே நின்றிருந்தேன். எண்ணிக்கையைச் சொன்னார். வியோசா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள். அவர் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

"போன தடவ என் கை உங்களுக்கு எதிராத்தான் போச்சு."

"தெரியும். 'என்னோட நூத்திப் பன்னண்டு'ன்னு சொன்னீங்க. கதவு வழியா கேட்டுச்சு."

"ஏன் தூக்கினேன்னு யோசிச்சுப் பாத்தேன். லொசான் வரைக்கும் போயும் பாத்தேன். இன்னும் தெரியல."

 வியோசாவிடம் கோபம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"தெரிஞ்சா வந்து சொல்லுங்க. எனக்கும் தெரிஞ்சுக்கணும்" என்றாள். பிறகு சட்டைக் கையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, நூற்று நாற்பத்து மூன்று பேர் கை தூக்கிய கூடத்துக்குள் போனாள்.