கஞ்சி தடவி ஒட்டிய பக்கம்

அம்மா இறந்துபோனது பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது என்று அப்பாவுக்கும் அத்தைக்கும் தெரியவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதாகவே சொல்லிவைத்தார்கள். என்னை மாகறலில் உறவுக்காரர் வீட்டில் விட்டு, எல்லாம் முடிந்தபிறகு அழைத்துவந்தார்கள். அப்பா மொட்டை அடித்திருந்தார். திருப்பதிக்குப் போய்வந்ததாகச் சொன்னார். லட்டு எங்கே என்று கேட்டு அன்று முழுவதும் அவரை நச்சரித்தேன்.

அந்த நாட்களில்தான் மாமா மெட்ராஸிலிருந்து ஒரு படப்புத்தகம் வாங்கிவந்தார். மான்குட்டியின் கதை. பக்கம் நிறையப் படம், அடியில் பருமனான எழுத்தில் ஓரிரு வரி. தறியை விட்டு லேசில் எழுந்திருக்காத அப்பா, விளக்கு வைத்ததும் என்னை மடியில் இருத்தி, காய்ப்பேறிய விரலை ஒவ்வொரு சொல்லாக நகர்த்திப் படிப்பார். அந்த விரலுக்குப் பின்னாலேயே போய்த்தான் நான் எழுத்துக் கற்றுக்கொண்டேன். டீச்சர் பிரம்பால் அடித்தும் மண்டையில் ஏறாத 'ழ', மான்குட்டி மழையில் நனைந்த பக்கத்தில் தானாக ஏறிவிட்டது.

நடுவில் ஒரு தாள் மட்டும் அட்டை மாதிரி தடிப்பாக இருக்கும். அதற்கு முன்னால் குட்டி அம்மாவோடு இருக்கும். அடுத்த பக்கத்தில் தனியாக நிற்கும்.

"அதோட அம்மா எங்கப்பா?"

"மேயப் போயிருக்குது கண்ணு. வந்துடும்."

ஐப்பசி மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி, வேலை நின்றுபோனது. வீடெங்கும் ஓதம். ஒரு மத்தியானம் புத்தகத்தைப் புரட்டினால், அந்தத் தடித்த தாள் நமத்து இரண்டாகப் பிரிந்து வந்தது. உள்ளே புளித்த கஞ்சி வாடை. தறியில் பாவு நூல் விறைப்பாக நிற்கப் போடுகிற அரிசிக்கஞ்சியைத் தடவி அப்பாதான் ஒட்டியிருக்கிறார். மழைக்காலத்தில் கஞ்சி இளகும் என்று நெசவுக்காரருக்குத் தெரியாதா என்ன! அன்றைக்கு இருந்த நிலையில் மறந்திருப்பார்.

அந்தப் பக்கத்தில் பெரிய மான் கீழே கிடந்தது. குட்டி அதன் முகத்தை முகர்ந்துகொண்டிருந்தது. அடியில் இருந்த வரியை எழுத்துக் கூட்டினேன்: அம்மா எழுந்திருக்கவில்லை.

ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அடுப்படியிலிருந்து வந்து பார்த்த அத்தை, "இன்னும் எத்தினி நாளைக்கு மறைச்சிக்கினு இருப்ப? சொல்லிடுண்ணா," என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புத்தகத்தைத்தான் சொல்கிறாள் என்று நான் நினைத்தேன்.

அப்பா என்னை மடியில் உட்காரவைத்து, அந்தப் பக்கத்தை முதல் தடவையாக வாய்விட்டுப் படித்தார். குட்டி கூப்பிடுகிறது. அம்மா எழுந்திருக்கவில்லை. மற்ற மான்கள் வந்து குட்டியைச் சூழ்ந்து நிற்கின்றன. முடித்த பிறகும் விரலை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தார். அந்த மானுக்காக விசும்பி விசும்பி அழுதேன்.

"கண்ணு, நம்ம அம்மாகூட..." என்று அவர் ஆரம்பித்தார்.

"ஆமாப்பா," என்று நான் முந்திக்கொண்டேன். "நம்ம அம்மா மாதிரி இதையும் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருந்தா பொழைச்சிருக்கும் இல்ல?"

அப்பா வாயைத் திறந்தார். பிறகு, "பொழைச்சிருக்கும்மா," என்றார்.

எனக்குச் சமாதானமாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். அதற்குமேல் ஓர் எழுத்துகூட அவருக்கு ஏன் வாயில் வரவில்லை என்று புரியாமல், மீதிக் கதையை நானே எழுத்துக் கூட்டி அவருக்குப் படித்துக்காட்டினேன்.